கேட்காமல் எழுதிய ‘இல்லை’

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறீர்கள். வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் எப்படிச் சமாளிப்பது? சூலூரில் இருபத்தெட்டு வருடம் அழகு நிலையம் நடத்திவிட்டு, போன வருடம்தான் சாவியை மருமகளிடம் கொடுத்தேன். சண்டைக்கு வந்தவர்கள் எனக்கும் நிறையப் பேர். அவர்களில் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். நான் சரியாகச் செய்ததும் இதில் உண்டு, செய்யாமல் விட்டதும் உண்டு. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆவணி மாதம், முகூர்த்தங்கள் தொடங்கிவிட்ட நேரம். புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். என்னிடம் வேலை பார்த்த இரண்டு பேரும் மணப்பெண் அலங்காரத்துக்கு வெளியே போயிருந்தார்கள். இரண்டு பெண்கள் தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ருக்மணி என்பவர் உள்ளே வந்தார். ஒரு கையில் பாலிதீன் கவர், அது நிறைய முடி. இன்னொரு கையில் போன். அவருக்குப் பின்னால் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவருடைய தம்பி மனைவி சாந்தாமணி. சாந்தாமணியின் கணவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். பெண்கள் மட்டும் வரும் கடைக்குள் வரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. செருப்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

சாந்தாமணிக்கு நாற்பத்து நாலு வயது. சூலூருக்குப் பக்கத்து ஊரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். ஒன்பது நாட்களுக்கு முன்னால்தான் மகள் நிச்சயதார்த்தத்துக்காக என்னிடம் ஸ்மூத்னிங், அதாவது பறக்கும் முடியை மருந்து போட்டுப் படிய வைக்கும் வேலை, செய்துகொண்டு போயிருந்தார். நானே என் கையால் செய்தது.

“பாருங்க மேடம், என்ன பண்ணிப்போட்டீங்கன்னு!” ருக்மணி கவரை என் மேசைமேல் கவிழ்த்தார். “தல சீவுனா கொத்துக் கொத்தா வருது. வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயமுங்க. அம்மாக்காரி மொட்டத்தலையோட சபையில நிக்கறதுங்களா? எல்லாத்தையும் போன்ல புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன், பேசுங்க.”

சாயம் பூசியிருந்த இரண்டு பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள்.

நான் மேசையில் கிடந்த முடியில் ஒரு கொத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நீங்களும் இதைத்தான் முதலில் செய்வீர்கள். மருந்தின் சூட்டாலும் வீரியத்தாலும் கெட்ட முடி நடுவில் அறுந்து வரும். நீளம் ஒன்றுபோல இருக்காது, நுனி பஞ்சுபோலப் பிரிந்திருக்கும். இந்த முடி அப்படியில்லை. இடுப்பு வரைக்குமான முழு நீளத்தோடு, தலையிலிருந்தே கழன்று வந்திருந்தது. சாந்தாமணியின் தலைப்பை விலக்கிப் பார்த்தேன். தோலில் வெந்த தடம் எதுவும் இல்லை.

“இங்க பாருங்க,” என்றேன். மற்ற இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னேன். “மருந்து கெடுத்திருந்தா நடுவுல அந்து வருமுங்க. இது அடியில இருந்தே கழண்டு வந்திருக்குது. இதுக்கும் என்ற வேலைக்கும் சம்பந்தமில்லைங்க. நீங்க நல்லா போன்ல புடிங்க.”

ருக்மணி போனைக் கொஞ்சம் தாழ்த்தினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தொழில் தெரிந்தவள் என்று நாலு பேர் முன்னால் காட்டியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் மருந்து இல்லையென்றால் வேறு எது? ஒரு மனுசியின் தலைமுடி பாதி கழன்று மேசையில் கிடக்கிறது. நான் என் பெயர் பிழைத்ததை நினைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை தணியட்டும் என்று மூன்று பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். சாந்தாமணி ஒரு வாய் குடித்தார். உடனே கண்களை இறுக மூடிக்கொண்டார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சேலை முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டம்ளரைப் பிடித்திருந்த கையில், முழங்கைக்குக் கீழே, ஊதா நிறத்தில் மூன்று நாலு கன்றிய தடங்கள்.

அதற்குப் பிறகுதான் நான் முடியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன்.

“உள்ள வாங்க, தலைய நல்லா பாத்தரலாம்,” என்று சொல்லி, முகத்துக்கு மசாஜ் செய்யும் சின்ன அறைக்கு அவரைக் கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

“வாயத் தொறங்க கண்ணு.”

உதட்டின் உள்பக்கம், நாக்கு ஓரம், எங்கும் வெள்ளை வெள்ளையாகப் புண்.

“கையில எங்கியாச்சும் இடிச்சுக்கிட்டீங்ளா?”

“இல்லைங்க. தானா வருதுங்க.”

“காச்சலு?”

“நேத்துல இருந்து லேசா இருக்குதுங்க.”

“என்ன மாத்திர சாப்படறீங்க?”

“ஒண்ணுமில்லைங்க.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நான் அவருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்: “வெளிய இருக்கறவங்களுக்கு இங்க பேசறது கேக்காதுங்க. இங்க நீங்களும் நானுந்தான்.”

அவர் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தார்.

ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லையாம். நிச்சயத்துக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கோயமுத்தூருக்குத் தனியாக பஸ் ஏறிப் போய் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். மூட்டுவாதம் என்று சொல்லி இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். ஒன்று வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மற்ற ஆறு நாளும் இன்னொன்று, சத்து மாத்திரை. டாக்டர் இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் வீட்டில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று சீட்டை பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டார். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகள்.

“எது வாரத்துக்கு ஒண்ணுன்னு நாவகம் வெச்சிருந்தீங்க?”

அவர் ஒரு அட்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவர் விரல் அங்கிருந்து நகர்ந்து மற்ற அட்டைக்குப் போனது, திரும்பி வந்தது. “இதுதானுங்களே?” என்று என்னையே கேட்டார்.

எனக்கு மாத்திரைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. சிங்காநல்லூரில் ஒரு தோல் மருத்துவர் இருந்தார். தலையில் புண்ணோ படையோ இருப்பவர்களை நான் அவரிடம்தான் அனுப்புவேன். “சந்தேகம் வந்தா என்னைக் கூப்பிடுங்க, நீங்களே முடிவு பண்ணாதீங்க” என்று முன்பு ஒரு தடவை என்னைக் கண்டித்திருக்கிறார். அவருக்குப் போன் செய்து இரண்டு அட்டைகளிலும் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. “எந்த அட்டை காலியாகியிருக்கு?”

பார்த்துச் சொன்னேன்.

“வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியதை அவங்க தினமும் போட்டிருக்காங்க. இனி அதுல ஒண்ணுகூடப் போடக் கூடாது. ரத்த அணுக்கள் இறங்கியிருக்கும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் இல்ல, இப்ப. ரெண்டு அட்டையும் கையோட இருக்கணும்.”

நான் போனை வைத்ததும் சாந்தாமணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க மேடம். நாலே நாளு. அம்மாவுக்கு இந்த நோவுன்னா பொண்ணுக்கும் வருமேன்னு மாப்ள ஊட்டுல நெனச்சுருவாங்க. இந்த எடமே வெளிய இருக்கற எங்க நாத்தனா கொண்டாந்ததுங்க. எங்கூட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. திங்கக்கெழம நானே வந்து சேந்துக்கறேன். உங்க காலுல வேணா உழுகறேன்.”

உங்களை அந்த ஸ்டூலில் உட்கார வைத்து யோசிக்கச் சொல்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் ருக்மணி. நான் வெளியே போய் “இவங்க மாத்திரைய மாத்திச் சாப்பிட்டிருக்காங்க” என்று சொன்னால் சாந்தாமணி இல்லை என்பார். இப்போதுதான் என்மேல் தப்பில்லை என்று எல்லார் முன்னாலும் பேசியிருக்கிறேன். அடுத்த கதையும் நானே கட்டுவதாக ருக்மணி நினைப்பார். தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சொல்லாமல் விட்டாலும் வீட்டுக்குத்தான் போவார்கள். டாக்டர் சொன்னது “இப்ப.”

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க,” என்றேன் சாந்தாமணியிடம். “ஆனா ஆஸ்பத்திரியில டாக்டருகிட்ட நீங்க சொல்லியே ஆகோணும். அந்த அட்டைய எங்கிட்டக் குடுங்க.”

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ருக்மணியைத் தாண்டி, வாசல்படியில் நின்றிருந்த கணவரிடம் நேராகப் போனேன்.

“ஏனுங்க, நான் முன்ன சொன்னது தப்புங்க. என்ற மருந்துதான் இவிகளுக்கு ஒத்துக்கலைன்னு தோணுது. வாயெல்லாம் புண்ணு, காச்சல் வேற அடிக்குது. உடம்புக்குள்ள எறங்கியிருந்தா ஆபத்துங்க. இப்பவே கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்குப் போயரலாம். நானும் கூட வாரேன்.”

“இப்பத்தான் உங்க மேல தப்பே இல்லைன்னீங்க!” என்று ருக்மணி பின்னாலிருந்து கத்தினார்.

“ஆமாங்க. இப்ப இருக்குதுங்கறேன். அதையும் புடிச்சுக்குங்க.”

போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. சாயம் பூசியிருந்தவர்களில் ஒருவர் தலையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நானே அவசரமாகத் தலையை அலசிவிட்டு, துண்டோடு அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

அவர்கள் வந்த காரிலேயே கிளம்பினோம். சாந்தாமணி பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தார். அவர் தலையிலிருந்து என் சேலை மேலெல்லாம் முடி உதிர்ந்துகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் இளம் வயதுக்காரர். என்ன ரசாயனம் போட்டீர்கள் என்று கேட்பார் என்று, சாந்தாமணிக்கு நான் எழுதி வைத்திருந்த வாடிக்கையாளர் அட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். சாந்தாமணியை உள்ளே படுக்க வைத்ததும் அந்த டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரை அட்டைகளையும் அதையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் மாத்திரைகளைப் பார்த்தார். பிறகு என் அட்டையைப் படித்தார். அதில் ஒரு வரி உண்டு: ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’. அதற்கு எதிரே என் கையெழுத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், அட்டையை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஸ்மூத்னிங் செய்த அன்று கடையில் கூட்டம். பார்க்கத் திடமாக இருந்தார். ‘இல்லை’ என்று நானே எழுதிவிட்டேன். அன்றைக்கு அவர் மாத்திரை போடத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இன்னும் மூன்று நாள் போயிருந்தால் காப்பாற்றியிருப்போமா என்று சொல்ல முடியாது என்றார்கள். மருத்துவம் பார்க்க வேண்டுமானால் உண்மையை மறைக்க முடியாது. சாந்தாமணியே டாக்டரிடம் சொன்னார், கணவரைக் கூப்பிடச் சொல்லி அவரிடமும் சொன்னார். கணவர் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். “எங்கிட்டக்கூடச் சொல்லலையே,” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ருக்மணி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “உங்களுக்குக் கடையிலயே தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க.”

“அப்பறம் எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“வேற எப்படிச் சொன்னாலும் நீங்க கெளம்பியிருக்க மாட்டீங்க.”

அவர் தன் வளையல்களைத் திருகினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஏனுங்க மேடம், நிச்சயம் தள்ளிப் போகுது. மாப்ள ஊட்டுக்காரங்க ஏன்னு கேப்பாங்க. அது முடியற வரைக்கும் பார்லர் மருந்துன்னே இருக்கட்டுங்களா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் என் பைக்குள் ‘இல்லை’ என்று நான் எழுதிய அந்த அட்டை இருந்தது. சரி என்றேன்.

செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சூலூரில் பேச்சு பரவியது. பேசி வைத்திருந்த மணப்பெண் அலங்காரங்களில் முக்கால்வாசி கை நழுவிப் போயின. விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வழக்கமாக வரும் பெண்கள் வேறு கடைக்குப் போனார்கள். என்னிடம் வேலை பார்த்த இரண்டு பேருக்கும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் நல்ல பெயரும் சேர்ந்துதானே கெட்டது, அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சம்பந்தம் நிலைக்கவும் இல்லை. எப்படியோ விஷயம் தெரிந்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி அவர்கள் விலகிக்கொண்டார்கள். அடுத்த வருடம் அந்தப் பெண் தாராபுரத்தில் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த வீட்டாரிடம் முதல் நாள் பேச்சிலேயே சாந்தாமணி தன் மூட்டுவாதத்தைச் சொல்லியிருக்கிறார்.

சாந்தாமணி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தலைமுடி முழுவதும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் நாலைந்து பேர் இருந்த நேரம் அவர் வந்தார். தலைக்கு மேல் துணி எதுவும் இல்லை. விரற்கடை அளவுக்கு முடி சுருட்டை சுருட்டையாக முளைத்திருந்தது. அவருக்கு முன்பு இருந்தது நேரான முடி. ரோட்டைப் பார்த்த முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“இத ஒரே மட்டமா வெட்டி உடுங்க மேடம்,” என்றார். பிறகு பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், கடை முழுவதும் கேட்கும்படி, “நான்தானுங்க அந்தப் பார்லர் மருந்துல முடி போனவ. மருந்தெல்லாம் இல்லைங்க. நானே மாத்திரைய மாத்திச் சாப்பிட்டுப்போட்டேன். இந்தம்மா இல்லீன்னா நான் இன்னைக்கு இல்ல,” என்றார்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவர் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினேன்.

எல்லாரும் போன பிறகு அந்த வாடிக்கையாளர் அட்டையை எடுத்து அவரிடம் காட்டினேன். “இத உங்களக் கேக்காமயே நானா எழுதுனேனுங்க. அன்னைக்கே கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

அவர் அதை வாங்கி ஒரு தடவை படித்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

“கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேனுங்க,” என்றார். “அன்னைக்குப் பக்கத்து சேருல எங்க நாத்தனா உக்காந்திருந்தாங்களே.”

அன்று மாலை அந்தச் சின்ன அறையில் இரண்டு ஸ்டூல்களை எதிரெதிராகப் போட்டேன். சாயமோ, ஸ்மூத்னிங்கோ, எதுவாக இருந்தாலும் அங்கே உட்கார்ந்து கேட்ட பிறகுதான் என்று வைத்துக்கொண்டேன். யாராவது ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னால் அதை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. வேலையைத் தள்ளிப்போட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லலாம். அது நம்மால் முடியும்.

மறுநாள் முதலில் வந்தவர் மதுக்கரையிலிருந்து வரும் ஒரு டீச்சர். மகளைச் சூலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பதினோரு வருடமாக என்னிடம்தான் தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிறார். கொஞ்ச காலமாக முடி மெலிந்து வருவதைப் பார்த்து, வயசாகிறது என்று நானாக நினைத்திருந்தேன். உள்ளே கூட்டிப்போய், திரையை இழுத்துவிட்டு, ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

“வலிப்புக்கு மாத்திர சாப்பிடறேனுங்க,” என்றார் சாதாரணமாக. “மூணு வருசமாச்சு.”

“இத்தன வருசமா வாரீங்க, ஒரு வார்த்தகூடச் சொல்லலைங்களே டீச்சர்?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீங்க கேக்கவே இல்லைங்களே.”